அணில், முயல் வேட்டைக்கு ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி: எந்த கேஜ் வாங்குவது?

கேள்வி இதுதான். கேட்டவர் மிசௌரியில் குடியேறிச் சில வருடங்கள் ஆகின்றன. வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்துவிட்டார். இந்த இலையுதிர் காலத்தில் அணிலும் முயலும் தேடிக் காட்டுக்குப் போக நினைக்கிறார், பதினான்கு வயது மகளும் கூட வர ஆசைப்படுகிறாள். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடும் துப்பாக்கி வாங்கலாம் என்று கடைக்குப் போனால் ஒருவர் 12 கேஜ் என்கிறார், இன்னொருவர் மகளும் சுடுவதென்றால் .410 என்ற சின்னக் குழல்தான் சரி என்கிறார். எதை வாங்குவது?

20 கேஜ் வாங்குங்கள். 3 அங்குல அறை (தோட்டா உட்காரும் இடம்), மாடிஃபைட் சோக் (குழல் வாயருகே நடுத்தர ஒடுக்கம்), ஆறு பவுண்டுக்குக் குறையாத எடை. அதில் போட 7/8 அவுன்ஸ் அல்லது 1 அவுன்ஸ் ஈயம் கொண்ட தோட்டா, 6ஆம் எண் ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சின்னச் சின்ன ஈயக் குண்டுகள்). இன்று சாயங்காலமே கடைக்குப் போகிறீர்கள் என்றால் இது போதும். ஆனால் காரணம் தெரிந்து வாங்கினால் காட்டில் உதவும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கேஜ் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் கச்சிதமாக அடங்குகிறதோ அந்தக் குழல் 12 கேஜ். நம் ஊரில் ‘12 போர்’ என்று சொல்வதும் இதையேதான். இருபது உருண்டை என்றால் 20 கேஜ். எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். 12 கேஜின் உள்விட்டம் 18.5 மில்லிமீட்டர், 20 கேஜ் 15.6, 28 கேஜ் 14. இந்தக் கணக்கில் சேராத ஒன்று .410. அது உள்விட்டத்தை நேராக அங்குலத்தில் சொல்லும் எண், 10.4 மில்லிமீட்டர். கேஜ் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 67 வரும்.

பெரிய குழல் பலமாக அடிக்கும், சின்னக் குழல் மெதுவாக அடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 12 ஆகட்டும், .410 ஆகட்டும், சாதாரண வேட்டைத் தோட்டாவில் ரவை குழலை விட்டுக் கிளம்பும் வேகம் நொடிக்கு 1,100 முதல் 1,300 அடிக்குள்தான். 6ஆம் எண் ரவை எந்தக் குழலிலிருந்து வந்தாலும் அதே 6ஆம் எண் ரவைதான், அணிலின் மேல் ஒரே மாதிரிதான் படும். வித்தியாசமெல்லாம் எத்தனை ரவை போய்ச் சேருகிறது என்பதில் இருக்கிறது.

ஒரு அவுன்ஸ் ஈயத்தில் 6ஆம் எண் ரவை சுமார் 225 இருக்கும். இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். 12 கேஜில் வழக்கமான 1 1/8 அவுன்ஸ் தோட்டாவில் 250க்கு மேல் ரவை. 20 கேஜில் 7/8 அவுன்ஸ் என்றால் 197, ஒரு அவுன்ஸ் என்றால் 225. .410இல் இரண்டரை அங்குலத் தோட்டா வெறும் அரை அவுன்ஸ், அதாவது 112. மூன்று அங்குலத் தோட்டாவில் 11/16 அவுன்ஸ், 154 வரும்.

இனி அது காகிதத்தில் எப்படி விழும் என்று பார்க்கலாம். ரவை விரிவை அளக்க 40 கெஜத்தில் 30 அங்குல வட்டம் போட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். (கெஜம் என்று நான் சொல்வது யார்டுதான்.) மாடிஃபைட் சோக் என்றால் சுமார் 60 சதவீத ரவை அந்த வட்டத்துக்குள் விழ வேண்டும், ஃபுல் சோக் என்றால் 70. 20 கேஜ், 7/8 அவுன்ஸ், மாடிஃபைட் என்றால் வட்டத்துக்குள் 118 ரவை. வட்டத்தின் பரப்பு 707 சதுர அங்குலம், ஆக ஆறு சதுர அங்குலத்துக்கு ஒரு ரவை. சாம்பல் அணிலின் உடம்பை, வாலை விட்டுவிட்டு, பக்கவாட்டில் அட்டையில் வரைந்து வெட்டினால் எனக்கு 25 சதுர அங்குலம் வருகிறது. சராசரியாக நான்கு ரவை படும். .410 அரை அவுன்ஸ் தோட்டாவில் ஃபுல் சோக்கே இருந்து அது சொன்னபடி வேலை செய்தாலும் வட்டத்துக்குள் 78 ரவைதான். அணிலுக்கு மூன்றுகூடத் தேறாது. அதுவும் சராசரிதான். ரவை சமமாகப் பரவுவதில்லை, இங்கே நெருக்கமாகவும் அங்கே ஓட்டையாகவும் விழும். அந்த ஓட்டைக்குள் அணில் இருந்தால் ஒரே ஒரு ரவை வயிற்றிலோ பின்னங்காலிலோ பட்டுப் போய்விடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் முதலில் வாங்கியது .410. ‘புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இதுதான்’ என்று கடையில் சொன்னார்கள், நானும் நம்பினேன். செப்டம்பர் மாதம், ஹிக்கரி மரத்தின் மேல்கிளையில் ஓர் அணில், 35 கெஜம் இருக்கும். சுட்டேன். விழுந்தது, விழுந்த வேகத்திலேயே எழுந்து, பின்காலை இழுத்துக்கொண்டு பக்கத்து ஓக் மரத்துப் பொந்துக்குள் ஏறிவிட்டது. இருட்டும்வரை அந்த மரத்தடியில் நின்றேன். அது வெளியே வரவில்லை. அந்த மாலையை நான் மறக்கவில்லை. கேஜைப் பற்றி யார் கேட்டாலும் நான் இவ்வளவு நீளமாகப் பதில் சொல்வதற்கு அந்த அணில்தான் காரணம். சுட்டால் அங்கேயே சாக வேண்டும். அதற்கு வழி செய்ய முடியாதவர் விசையில் விரல் வைக்கக் கூடாது.

.410ஐக் கெட்ட துப்பாக்கி என்று சொல்ல மாட்டேன். எடை குறைவு, சுடும்போது தோளில் விழும் உதை மிகக் குறைவு, தோளில் வைத்தால் இறகு போல இருக்கும். 20, 25 கெஜத்துக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கும் அணிலை, மூன்று அங்குலத் தோட்டாவால், தலையைக் குறிபார்த்துச் சுடத் தெரிந்தவர் கையில் அது அருமையான ஆயுதம். ஆனால் அந்தத் தூரத்தை நெருங்க விடும் பொறுமையும், சுடாமல் விட்டுவிடும் மனசும் பல வருட அனுபவத்தில் வருபவை. அதனால்தான் .410 கைதேர்ந்தவரின் துப்பாக்கி என்கிறேன். குழந்தைக்குச் சின்னக் குழல் என்று கொடுப்பது, நீச்சல் தெரியாத பிள்ளையைச் சின்னக் கிணறுதானே என்று இறக்கிவிடுவது போல.

.410இன் குறைக்கு ரவை எண்ணிக்கை மட்டும் காரணமில்லை. ஒடுக்கமான குழலுக்குள் ரவையை அடுக்கினால் நீளமான தூண் மாதிரி நிற்கும். வெடிக்கும்போது பின்னாலிருந்து வரும் அழுத்தத்தில் அடியில் இருக்கும் ரவைகள் நசுங்குகின்றன. குழலின் சுவரில் உராய்கிறவையும் அதிகம். நசுங்கிய ரவை நேராகப் போகாது, ஒதுங்கிவிடும். இருக்கும் 112இலும் கொஞ்சம் இப்படி வீணாகிறது. டங்ஸ்டன் ரவை வந்த பிறகு .410இன் கதை மாறிவிட்டது என்பார்கள். வான்கோழி வேட்டையில் அது உண்மைதான். டங்ஸ்டன் ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி, அதனால் மிகச் சின்ன ரவையே ஆழமாகப் பாயும். ஆனால் அந்தத் தோட்டாவின் விலைக்கு நீங்கள் ஒரு வாரத்துக்குக் கறி வாங்கலாம். அணிலுக்கு அது வேண்டாம். சாதாரண .410 தோட்டாவே 20 கேஜ் தோட்டாவைவிட விலை கூடுதல், சின்ன ஊர்க் கடைகளில் எப்போதும் கிடைப்பதுமில்லை.

சரி, ரவைதான் கணக்கு என்றால் 12 கேஜ் வாங்கிவிடலாமே? நியாயமான கேள்விதான். இங்கேதான் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியின் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அது எடை குறைந்தது. ஐந்தரை பவுண்டில்கூட 12 கேஜ் கிடைக்கிறது. தானியங்கித் துப்பாக்கியில் உதையின் ஒரு பங்கை ஸ்பிரிங்கும் வாயுவும் வாங்கிக்கொள்ளும், எடையும் கூடுதல். ஒற்றைக்குழலில் எல்லாம் நேராக உங்கள் தோளுக்கு வரும். ஒரே எடையுள்ள இரண்டு துப்பாக்கி, ஒன்றில் 20 கேஜ் 7/8 அவுன்ஸ், இன்னொன்றில் 12 கேஜ் 1 1/8 அவுன்ஸ், இரண்டும் ஒரே வேகம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 12இன் உதை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இதில் யாராவது இன்னும் பலமான மேக்னம் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தால் அன்றோடு உங்கள் மகள் துப்பாக்கியைத் தொட மாட்டாள்.

உதை என்பது வலி மட்டுமில்லை. இரண்டு தடவை தோளில் இடி வாங்கியவர் மூன்றாம் தடவை விசையை அழுத்தும் நொடியில் கண்ணை மூடுவார், குழல் வாய் கீழே இறங்கும். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போக்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்கும் பலி அணில்தான், ஏனென்றால் ரவை விரிவின் ஓரம்தான் அதன்மேல் படும்.

12ஐ நான் சிபாரிசு செய்யும் ஆளும் உண்டு. வாழ்நாளுக்கு ஒரே ஒரு துப்பாக்கிதான் வாங்குவேன், அதை வைத்தே அணிலும் வான்கோழியும் வாத்தும் மானும் பார்க்க வேண்டும் என்கிறவர் 12 வாங்கலாம். தோட்டா எங்கும் கிடைக்கும், விலையும் மலிவு. அணிலுக்கு ஒரு அவுன்ஸோ 7/8 அவுன்ஸோ உள்ள மென்மையான தோட்டாவைத் தேடிப் போட்டால் 20ஐப் போலவே நடந்துகொள்ளும். அப்படியானால் ஏழு பவுண்டுக்குக் குறைந்த துப்பாக்கியை எடுக்காதீர்கள். உங்கள் கேள்வியில் மகளும் இருப்பதால் நான் 20ஐ விட்டு நகரவில்லை.

16 கேஜும் 28 கேஜும் இருக்கின்றன. இரண்டுமே அழகான அளவுகள், 28இன் ரவை விரிவு அதன் அளவுக்கு ஆச்சரியப்படும்படி சீராக இருக்கும். ஆனால் 16க்குத் தோட்டா தேடி அலைய வேண்டும், 28இல் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி கிடைப்பதே அரிது. தாத்தாவிடமிருந்து வந்தால் வைத்துக்கொள்ளலாம், தேடிப் போய் வாங்க வேண்டியதில்லை.

ரவை எண் பற்றி ஒரு வார்த்தை. 17இலிருந்து ரவை எண்ணைக் கழித்தால் வருவது நூறில் எத்தனை அங்குலம் என்ற விட்டம். 6ஆம் எண் என்றால் 11, அதாவது 0.11 அங்குலம். ஏழரை என்றால் 0.095. எண் பெரிதானால் ரவை சிறிது. ஏழரையில் அவுன்ஸுக்கு 350 ரவை கிடைக்குமே என்று ஆசை வரும். அணிலின் தோல் தடித்தது, இழுத்து உரித்துப் பார்த்தவருக்குத் தெரியும். ஏழரை 25 கெஜத்துக்குள் போதும், அதற்கு மேல் தோலோடு நின்றுவிடலாம், கறியில் ரவையும் நிறையத் தங்கும். முயலுக்கு ஏழரை தாராளமாகப் போதும். இரண்டுக்கும் பொதுவாக ஒன்றையே வாங்கு என்றால் 6தான். உயரமான மரங்களில் ஃபாக்ஸ் அணில் மட்டுமே குறி என்றால் 5ஐயும் முயன்று பாருங்கள். அது சாம்பல் அணிலைவிட நன்றாகப் பெரியது.

சோக் பற்றிக் கேஜ் அளவுக்கு யாரும் பேசுவதில்லை, பேச வேண்டும். குழல் வாயருகே இருக்கும் சின்ன ஒடுக்கம்தான் சோக். பழைய ஒற்றைக்குழல்களில் பெரும்பாலும் ஃபுல் சோக்கைக் குழலோடு சேர்த்தே செய்துவிட்டார்கள், மாற்ற முடியாது. அது மேல்கிளையில் இருக்கும் அணிலுக்கு நல்லதுதான். ஆனால் முயல் காலடியிலிருந்து கிளம்பி 15 கெஜத்தில் ஓடும். அங்கே ஃபுல் சோக்கின் விரிவு ஓர் அடி அகலம்கூட இருக்காது. ஒன்று முழுசாகத் தவறும், இல்லையென்றால் சமைக்க ஒன்றும் மிஞ்சாது. மாடிஃபைட் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. மாற்றிப் போடும் சோக் உள்ள துப்பாக்கி கிடைத்தால் இன்னும் நல்லது, முயலுக்கு இன்னும் அகலமாக விரியும் இம்ப்ரூவ்டு சிலிண்டர் சோக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

துப்பாக்கியில் எழுதியிருப்பதை அப்படியே நம்பிக் காட்டுக்குப் போகாதீர்கள். மாடிஃபைட் என்று பொறித்த குழல் ஒரு கம்பெனித் தோட்டாவில் இறுக்கமாகவும் இன்னொன்றில் பரந்தும் சுடும். காகிதத்தில் சுட்டுப் பார்ப்பது ஒன்றே வழி. பெரிய பழுப்புக் காகிதம், நாலடிக்கு நாலடி போதும். நடுவில் ஒரு புள்ளி. 25 கெஜத்தை டேப் வைத்து அளந்து, மேஜையில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுடுங்கள். ஒரு தோட்டா வகைக்கு மூன்று காகிதம். ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அப்புறம் அட்டையில் வெட்டிய அணில் உருவத்தைக் காகிதத்தின் மேல் வைத்து, விரிவின் நடுப்பகுதியில் அங்கும் இங்கும் நகர்த்துங்கள். எங்கே வைத்தாலும் நான்கு ஓட்டையாவது உள்ளே வர வேண்டும், அதில் ஒன்றாவது தலையிலோ கழுத்திலோ இருக்க வேண்டும். வருகிறதென்றால் 30 கெஜத்துக்குப் பின்வாங்குங்கள், பிறகு 35. எந்த இடத்தில் அட்டைக்குள் இரண்டு ஓட்டை மட்டும் விழும் இடைவெளி தெரிய ஆரம்பிக்கிறதோ, அதற்கு ஐந்து கெஜம் முன்னால் உங்கள் எல்லை. அந்தத் தூரத்தைக் கட்டையின் (தோளில் வைக்கும் பின்பகுதியின்) உள்பக்கம் ஒரு பட்டையில் எழுதி ஒட்டி வையுங்கள். மகளையும் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். காகிதத்தில் அந்த ஓட்டைகளைத் தன் கையால் எண்ணிய பிள்ளை தூரத்தில் இருக்கும் அணிலைப் பார்த்துத் தானாகவே துப்பாக்கியைத் தாழ்த்தும்.

அதே காகிதம் இன்னொன்றும் சொல்லும். விரிவின் நடு உங்கள் புள்ளியின் மேல் விழுகிறதா, ஓர் அடி மேலேயோ இடதுபக்கமோ போகிறதா என்று பாருங்கள். ஒற்றைக்குழலில் முன்னே ஒரு பித்தளை மணி மட்டும்தான் குறி. கட்டை உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் கண் தப்பான இடத்தில் உட்காரும், ரவையும் தப்பாகப் போகும். பெரியவர்களுக்குக் கட்டை நீளம் 14 அங்குலம் சுமார், இளையோருக்கான மாடல்களில் 12.5, 13 இருக்கும். மகள் இன்னும் வளர்வாள் என்பதால் கட்டையை மாற்ற முடிகிற மாடலாகப் பாருங்கள்.

இப்போது நான் அழுத்திச் சொல்ல வேண்டிய ஒரு விஷயம். 12உம் 20உம் ஒரே வீட்டில் இருந்தால் தோட்டாக்களை ஒரே பையில், ஒரே சட்டைப் பாக்கெட்டில் ஒருபோதும் போடாதீர்கள். 20 கேஜ் தோட்டா 12இன் அறைக்குள் வழுக்கிப் போய்க் குழலின் ஒடுக்கத்தில் சிக்கி நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் அறை காலியாகத்தான் தெரியும். ‘தோட்டா போட மறந்துவிட்டேன்’ என்று நினைத்து 12ஐப் பின்னால் போட்டுச் சுட்டால் குழல் கிழிந்துவிடும், குழலைப் பிடித்திருக்கும் இடது கையின் கதி சொல்ல வேண்டியதில்லை. 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான். 28 தோட்டா 20இன் குழலுக்குள்ளும் இதே வேலையைச் செய்யும். உங்களுடன் வரும் நண்பர் 12 வைத்திருந்தால் தோட்டாக் கடன் வாங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம்.

அறை நீளமும் அப்படித்தான். குழலில் 2 3/4 என்று பொறித்திருந்தால் 3 அங்குலத் தோட்டா போடக் கூடாது. கஷ்டம் என்னவென்றால் அது உள்ளே போய்விடும். தோட்டா நீளம் என்பது சுட்டபின் வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். மடித்த வாயோடு இருக்கும்போது குட்டையாக இருக்கும், சுடும்போது விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். பழைய துப்பாக்கி வாங்கினால் இந்தப் பொறிப்பைத்தான் முதலில் தேடுங்கள்.

எந்தக் கம்பெனி என்று கேட்பீர்கள். ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சனின் டாப்பர், அதே குடும்பத்தின் பார்ட்னர், இவை அமெரிக்கக் கிராமங்களில் வீட்டுக்கு ஒன்று என்னும்படி இருந்தவை. 2015இல் தயாரிப்பு நின்றது, ஆனால் பழைய சந்தையில் நிறையக் கிடைக்கும். அதற்கும் முந்தைய வின்செஸ்டர் மாடல் 37, 1936 முதல் 1963 வரை பத்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். எனக்கு வேட்டை சொல்லிக்கொடுத்த பக்கத்துப் பண்ணைப் பெரியவர் இன்றும் அதைத்தான் எடுத்துப் போகிறார், குழலில் நீல மெருகு தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. புதிதாக வேண்டுமென்றால் ஹென்றி ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி, ஸ்டீவன்ஸ் 301 இரண்டையும் கையில் எடுத்துப் பாருங்கள். ஹென்றி ஏழு பவுண்டை ஒட்டி இருக்கும், விலையும் கூடுதல், ஆனால் அந்த எடை உங்கள் தோளுக்கு நல்லது.

பழையதை வாங்கும்போது, நடுவில் மடித்துத் திறக்கும் குழலை மூடிப் பூட்டியபின் கட்டையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், கடகடவென்று ஆடினால் விட்டுவிடுங்கள். குதிரையை, அதாவது பின்னால் இருக்கும் சுத்தியலைப் பாருங்கள். பார்ட்னரிலும் பிந்தைய டாப்பரிலும் டிரான்ஸ்ஃபர் பார் உண்டு. விசையை முழுசாக அழுத்தினால் ஒழியக் குதிரையின் அடி, தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசிக்குப் போய்ச் சேராது. மிகப் பழைய சில துப்பாக்கிகளில் இந்த ஏற்பாடு இல்லை. குதிரை இறங்கிய நிலையில் ஊசியின் மேலேயே படுத்திருக்கும், கீழே விழுந்தால் வெடிக்கலாம். மகள் கைக்குப் போகும் துப்பாக்கியில் இது இருந்தே ஆக வேண்டும்.

குதிரையை ஏற்றுவதும் இறக்குவதும்தான் ஒற்றைக்குழலின் பெரிய ஆபத்து. அணில் வருகிறது, குதிரையை ஏற்றுகிறோம், அணில் இலைக்குப் பின்னால் போய்விடுகிறது, இப்போது இறக்க வேண்டும். குளிரில் விறைத்த கட்டைவிரல், ஸ்பிரிங்கும் கெட்டி. வழுக்கினால் வெடித்துவிடும். நான் வைத்திருக்கும் வழக்கம் இது: இறக்க வேண்டுமென்றால் முதலில் குழல் வாயை ஆளில்லாப் பக்கம் தரையை நோக்கித் திருப்பி, ஏற்றிய குதிரையோடு திறக்க விடும் துப்பாக்கி என்றால் திறந்து தோட்டாவை வெளியே எடுத்துவிடுவேன், பிறகுதான் குதிரையைத் தொடுவேன். எல்லாத் துப்பாக்கியும் அப்படித் திறக்காது, வாங்கும்போதே காலியாக வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். வீட்டில் வெடிக்காத டம்மி தோட்டா வைத்து மகளுக்கு இதை ஒரு மாதம் பழக்குங்கள். வேலி தாண்டும்போதும் ஓடை இறங்கும்போதும் துப்பாக்கி திறந்தே இருக்கட்டும். திறந்த ஒற்றைக்குழலில் தோட்டா இல்லை என்பது பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும், இந்த வகைத் துப்பாக்கியின் மேல் எனக்கு இத்தனை பிரியம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு இருவருக்குமே வேண்டும், .410ஆக இருந்தாலும் சத்தம் சத்தம்தான்.

சட்டம் பற்றி நம் ஆட்களுக்கு முக்கியமாக ஒன்று. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் இருப்பவருக்கு அதில் விதிவிலக்கு உண்டு. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை, அதனால் வாங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உரிமம் காலாவதியான பின்னும் துப்பாக்கி வீட்டில் இருந்தால் அது விசாவுக்கே ஆபத்து. ஊரிலிருந்து படிப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் காட்டு முயல் சுடுவது குற்றம். இங்கே எழுதியது எதுவும் அங்கே பொருந்தாது.

மிசௌரியில் அணில் பருவம் மே மாதம் நான்காம் சனிக்கிழமை தொடங்கிப் பிப்ரவரி 15 வரை, ஒரு நாளைக்குப் பத்து. முயல் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 15 வரை, ஒரு நாளைக்கு ஆறு. விதிகள் மாறலாம், வருடாவருடம் புதிய கையேட்டைப் பாருங்கள். மாநிலக் காடுகளில் சிலவற்றில் ஈய ரவைக்கு அனுமதி இல்லை, கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து எந்த வேட்டைக்குமே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் எஃகு ரவை போட வேண்டும். எஃகு எடை குறைந்தது என்பதால் ரவை அளவில் இரண்டு எண் பெரிதாக எடுங்கள், ஈயத்தில் 6 என்றால் எஃகில் 4. பழைய ஃபுல் சோக் குழலில் மட்டும் எஃகு வேண்டாம், சோக் வீங்கிவிடும். மாடிஃபைட் உள்ள புதிய 20ஐ நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முயலைச் சுத்தம் செய்யும்போது ரப்பர் கையுறை போடுங்கள். முயல் காய்ச்சல் என்ற துலரேமியா கையிலுள்ள சின்னக் கீறல் வழியாகக்கூட வரும், கறியை நன்றாக வேகவைத்தால் அந்தப் பயம் இல்லை. அணில் கறி கெட்டியானது. நான் குக்கரில் மூன்று விசில் கூடவே விட்டு, பிறகு மிளகு தூக்கலாகப் போட்டு வறுக்கிறேன். மென்று சாப்பிடச் சொல்லுங்கள், ரவை ஒன்றாவது உள்ளே இருக்கும்.

முதல் நாளைக்கு ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஹிக்கரிக் காய் முற்றும் காலம் அது. விடியும்முன் போய் ஒரு மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்ததும், உங்கள் எல்லைத் தூரம் 25 கெஜம் என்றால், சுற்றிலும் அந்தத் தூரத்தில் நான்கு மரங்களை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அணில் மேலே காயைக் கொறிக்கும்போது ஓட்டுத் துணுக்குகள் தூறல் மாதிரி இலைமேல் விழும், அந்தச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். நான்கு மரத்துக்கு உள்ளே வந்தால் சுடலாம், வெளியே இருந்தால் காத்திருங்கள். பெரும்பாலும் வரும்.